சிவப்புக் கயிற்றை இழுத்தது யார்?

கப்பலிலிருந்து களஞ்சியம்வரை சீமெந்து அரைக்கும் கிளிங்கர் கட்டிகளை ஏற்றிப்போகும் பெல்ட்டின் ஓரமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். ஆபத்தென்றால் யாரும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். அந்தக் கயிற்றை யாரோ இழுக்க முடியாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பதை ஒருநாள் தயாளினி கண்டாள்.

அவள் சாம்பல்தீவுக்காரி. அந்தத் துறைமேடையில் பொறியியலாளர். வெறுமையாகக் கிடந்த தலைமைப் பொறியியலாளர் கதிரைக்கு அவளுடைய பெயரும் மேலே போயிருந்தது. ஆனால் பெல்ட் ஓட்டுகிறவர்கள் அவளுக்குக் கீழே இல்லை. முகாமையாளர் குணரத்தினத்தின் ஆட்கள்.

"கட்டினவனைப் பிடிச்சுத் தாரும், கதை முடிஞ்சுது" என்றார் அவர்.

நல்ல கதை! பிடித்துக் கொடுத்தால் கதிரை கிடைக்கும். கயிறு மட்டும் மறுபடி கட்டப்படும்.

தயாளினி இரண்டு கோப்பை பிளேன்ரீயோடு கிண்ணியாக்காரர் றஊப்பிடம் போனாள். பெல்ட் ஆட்களுக்கு அவர்தான் பொறுப்பு.

"ஆர் கட்டினதெண்டு கேக்க வரேல்லை, றஊப் நானா. ஏன் கட்டினதெண்டு சொல்லுங்கோ."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "போன வருஷம் நான் இழுத்தனான், மிஸ். ஒரு சத்தம் கேட்டுது. பெல்ட் மூடியைத் திறந்து பாத்தா ஒண்டுமில்ல. குணரத்தினம் சேர் எல்லாருக்கும் முன்னால என்னைப் பயந்தாங்கொள்ளி எண்டு ஏசினார். என்ட மருமகனும் பக்கத்தில நிண்டவர். அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்தக் கயித்தைத் தொடுறல்ல."

சூடு கண்ட பூனைக்குப் புத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது? தயாளினி ஒரு குறடை எடுத்துக் கம்பியைத் தானே வெட்டினாள்.

"இனி ஆர் இழுத்தாலும் மறுமொழி நான் சொல்லுவன்."

றஊப் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? வாய்ச்சொல்தானே.

அடுத்த கப்பலில் உருளை ஒன்று கிறீச்சிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் கேளாதது மாதிரி நின்றார்கள். தயாளினி ஓடிப்போய் இழுத்தாள். திறந்து பார்த்தால், பாவி, ஒன்றுமே இல்லை! குணரத்தினம் வந்தார். "கப்பல் காத்துக்கொண்டு நிக்குது. உமக்கு ஒரு பதவி உயர்வு வேறயோ?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார்.

"சத்தம் கேட்டுது, நிப்பாட்டினனான், சேர். நாளைக்குக் கேட்டாலும் நிப்பாட்டுவன்."

அதோடு கதிரை போச்சென்றுதான் அவளும் நினைத்தாள். றஊப் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகொரு நாள் பெல்ட் சடாரென்று நின்றது. தயாளினி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதைக் கூட்டிக்கொண்டிருந்த தொழிலாளி அஷ்பாக்கின் சட்டைக்கையை உருளை முழங்கைவரை சுருட்டிப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் கையே போயிருக்கும். ஆண்டவனே! றஊப்பின் இரண்டு கைகளும் சிவப்புக் கயிற்றை இறுகப் பிடித்திருந்தன.

குணரத்தினம் தூரத்திலேயே கத்திக்கொண்டு வந்தார். "ஆர் இழுத்தது? ஆரைக் கேட்டு இழுத்தனீங்கள்?"

றஊப் கயிற்றை விடவில்லை.

"நான்தான், சேர். ஏசுறதெண்டா ஏசுங்கோ. மறுமொழி வேணுமெண்டா தலைமை எஞ்சினியரைக் கேளுங்கோ."

தாடையால் தயாளினியைக் காட்டினார். அந்தக் கதிரையில் அன்றைக்கு யாரும் இருக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். குணரத்தினம் அஷ்பாக்கின் கிழிந்த சட்டையைப் பார்த்தார். றஊப்பின் சொல்லைத் திருத்தவில்லை.