இடாப்புக்குச் சொன்ன ஓம்

2011இல் என் மகள் மெல்பேர்ன் நோபிள் பார்க்கில் முதலாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளை வாய் திறப்பதில்லையாம், ஆங்கிலம் போதாதாம், தினமும் அரைநாள் வேறு வகுப்பில் இருத்தப் போகிறார்களாம். நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெல்பேர்னில் பிறந்தவள். பொம்மைகளோடு ஆங்கிலத்தில்தான் சண்டை பிடிப்பாள்.

"ஏன் வகுப்பிலை கதைக்கிறேல்லை?" என்று கேட்டேன். மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னாள். முதல் கிழமை ரீச்சர் வரவு பார்க்க இடாப்பில் பெயர் கூப்பிட்டபோது, வீட்டுப் பழக்கத்தில் "ஓம்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் இவள் பெயர் வந்தால் முழு வகுப்பும் சப்பணம் கட்டி, விரலை மடித்து, கண்ணை மூடி "ஓஓஓம்" என்று இழுக்குமாம்.

"விடுமப்பா, சின்னப் பிள்ளையள் பகிடிக்குச் செய்யுதுகள்," என்றார் கணவர். "கையெழுத்தை வைச்சுக் குடும். ஏன் வீண் பிரச்சினை?"

"நீங்கள் போய் அந்த வகுப்பிலை இருந்து பாருங்கோ, பகிடி விளங்கும்," என்றேன். அன்று அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் ரீச்சரிடம் போனேன். 'ஓம்' யோகா மந்திரம் இல்லை, எங்கள் மொழியில் 'யெஸ்' என்று அர்த்தம் என்றேன். எவ்வளவு அழகு என்றார். என் மகளின் கலாசாரத்தை வகுப்பே கொண்டாடுகிறதாம். நல்ல கொண்டாட்டம், ஆறு வயதுப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு. கையெழுத்து வைக்க மாட்டேன், நாளைக்கு இடாப்புக்கு அவள் மட்டும் பதில் சொல்லட்டும், நான் வாசலில் நிற்பேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டதுதான். உயரட்டும்.

சொன்னபடி நின்றேன். பெயர் கூப்பிட்டார். சில பிள்ளைகள் காலை மடிக்கத் தொடங்கினார்கள். ரீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். என் மகள் நிமிரவில்லை. "யெஸ், மிஸ்," என்றாள், தெளிவாக.

ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லையே என்று ரீச்சர் என்னிடம் சொன்னார், தானே கண்டுபிடித்தது போல. கடிதத்தை அவர் முன்னாலேயே கிழித்தேன்.

அன்று பின்னேரம் குசினியில் தோசை சுட்டுக்கொண்டு, "இன்னும் ஒண்டு வேணுமோ?" என்று கேட்டேன்.

"யெஸ்."

"ஓம் எண்டு சொல்லன், பிள்ளை."

யாராவது சிரிக்கிறார்களா என்று அவள் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.