அடிமரத்தில் நாலு விரல்

பலாச்சுளை வாசம் வந்தாலே எனக்குக் குமட்டும். இத்தனைக்கும் பண்ருட்டிப் பலா விளைகிற சீமையில் முப்பது வருஷம் வாழ்ந்தவள் நான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களின் அற்பத்தனத்தை நெய்வேலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். குழாயைத் திருகிக்கொண்டு போவார்கள். கொடிக்கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக்கொள்வார்கள். ஒரு வீட்டம்மா கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றியதைப் பார்த்து நானும் என் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எங்கள் கொல்லையில் ஒரு பலா நின்றது. திருவதிகைக் கோயிலுக்குப் போனபோது வாங்கித் தின்ற பழத்தின் கொட்டை, நான்தான் ஊன்றினேன். 'தானே' புயலில் எங்கள் பிளாக்கில் பாதி மரங்கள் சாய்ந்து கிடக்க, இது உச்சிக் கிளை முறிந்தும் நின்றது. கொஞ்ச நாளில் முறிந்த இடத்துக்குக் கீழே கொத்தாகத் துளிர் வந்தது. நான் பள்ளியில் தாவரவியல் டீச்சர். நுனி போனால்தான் உறங்குகிற மொட்டு விழிக்கும் என்று, பிள்ளைகளை வரவழைத்துக் காட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வருஷம் என் கணவர் மைன்ஸிலிருந்து ஓய்வு பெற்றார். பல வருஷம் காண்ட்ராக்டில் உழைத்து அப்போதுதான் பெர்மனென்ட் ஆன ஒருவருக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. உள்ளூர்க் குடும்பம். பார்க்க வந்த அவர் மனைவி வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மரத்தடிக்குப் போனார்.

"எம்மாம் பெரிய மரம்ங்க டீச்சர்! எங்க பசங்க வூட்டுக்குள்ளயே வராதுங்க, இங்கியேதான் கெடக்கும்."

அவர்கள் போனதும் என் கணவர் சொன்னார்: "நேத்து பெர்மனென்ட் ஆனவனுக்கு நாம வளர்த்த பலா கேக்குதோ?"

கேட்டும் கேட்காதவளாக நான் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வடலூரில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனோம். அடுத்த பலா சீசனில் அந்தப் பெண் கணவரோடு வண்டியில் வந்து இரண்டு பழங்களை இறக்கினார். "மரம் கொள்ளலீங்க டீச்சர். அடியிலேர்ந்து தொங்கிகினு இருக்குது. உங்க கைராசிங்க." எனக்கு உச்சி குளிர்ந்தது. கிளம்பும்போதுதான் சொன்னார்: "ஆனா மேல எலையெல்லாம் பழுத்துக் கொட்டிகினே இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே போனேன். அந்தக் காய்ப்பு ஆரோக்கியமான மரம் காய்க்கிற காய்ப்பே இல்லை. அந்தப் பெண் டீ போட உள்ளே போனார். அடிமரத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி மண் அணைத்திருந்தது. காலி செய்த வாரம் என் கணவர் அணைத்த மண். கையால் தள்ளிப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்கு, சுற்றி ஒரு வளையமாக, பட்டையே இல்லை. கட்டை கறுத்திருந்தது. அதற்கு மேல் பட்டையின் விளிம்பு உதடு போல வீங்கி, அழுகிய நீர் கசிந்து, புழு நெளிந்தது. நாற்றத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறும். இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டையை வளையமாக உரித்தால் மரம் உடனே சாகாது. இலை பச்சையாகவே இருக்கும். இறங்க வழியில்லாத உணவு மேலேயே தேங்க, காய் குலுங்கும். கீழே வேர் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கும். வருஷா வருஷம் சார்ட் மாட்டி இதை நடத்தியவள் நான். அந்த சார்ட்டை வரைந்து தந்தவர் என் கணவர். வீங்கிய உதட்டுக்குச் சிவப்பு தீட்டியதும் அவர்தான்.

டீயோடு வந்த பெண் கேட்டார்: "என்னாங்க டீச்சர், நோவா? எதுனா போடணுங்களா?"

அதற்குள் மண்ணைப் பழையபடி தள்ளிவிட்டிருந்தேன். "சாணி எரு போடுங்க. நல்லா தண்ணி விடுங்க" என்றேன். புருஷன் மானத்துக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் பழத்தை அறுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார். மரத்துப் பட்டையை நீங்கதான் வெட்டினீங்களா என்று கேட்டேன்.

"நாம வெச்ச மரம்தானே?" என்றார். ஒரு சுளையை நீட்டினார். "தின்னு பாரு, தேனா இருக்கு."

வைக்கோற்போர் நாய்கூட மாட்டைத்தான் விரட்டும். போருக்குத் தீ வைக்காது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

அந்தப் பெண் நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எங்கிருந்தோ கூடை கூடையாகச் சாணி சுமந்து வந்து போட்டார். குடம் குடமாக ஊற்றினார். குடிக்க வேர்தான் இல்லை. ஒவ்வொரு முறை அவர் போன் செய்தபோதும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் எரு போடுங்க" என்றுதான் சொன்னேன்.

மறுவருஷம் மரத்தை வெட்டினார்கள். அந்தப் பெண் பஸ் ஏறி வந்து, உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றார்.

"அடியில கரையான் அரிச்சிட்டு இருந்திச்சுன்னு சொன்னாங்க டீச்சர். புயலுக்கே நின்ன மரம். எங்க கைதான் ஆகல போல. உங்க மரத்தைக் கொன்னுட்டோம், மன்னிச்சிக்குங்க." அழுதார்.

உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: "அந்தம்மாவுக்குக் காப்பி குடு."

போட்டுக் கொடுத்தேன்.