ஆறு செடிக்குள் முடிந்த படம்

போடித் தியேட்டரை விட்டு நானும் மாமாவும் மலையடிவாரத்து முந்தல் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். மேட்னி விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மலைக்குத் திரும்பும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்தன. எங்கள் அருகில் வரும்போது வேகம் குறைந்தது, உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் மாமாவை எட்டிப் பார்த்தார்கள், பிறகு வண்டி வேகம் எடுத்தது. ஒரு ஜீப்பில் இடம் இருக்கிறது, ஏறுங்கள் என்றார்கள். மாமா கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு மாந்தோப்புப் பக்கம் பார்த்தபடி நடந்தார். அவர்கள் பார்த்துவிட்டுப் போனது மாமா எடுத்த படம். அவர்களை வரவழைத்தவன் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மாமா அம்மாவின் தம்பி. சென்னைக்குப் போய்ப் பல வருஷம் பலரிடம் உதவி இயக்குநராக இருந்து, பிறகு மூன்று படங்கள் எடுத்தார். முதல் படத்தை எங்கள் மலையிலேயே எடுத்தார். விளக்கு வாடகைக்கு வழியில்லாததால் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் எடுத்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பத்திரிகைகள் பாராட்டின. படமும் ஓடியது. இரண்டாவது படத்துக்குத் தேவையான எல்லா விளக்கும் கிடைத்தது. அதில் பனியைக்கூட இயந்திரத்தில் புகை விட்டுத்தான் காட்டினார். அந்தப் படத்தில் வருகிற யாரையும் மாமாவுக்குத் தெரியாது என்பது பார்க்கும்போதே தெரியும். அது வந்த சுவடு தெரியாமல் போனது. மூன்றாவதுக்கு மறுபடி மலைக்கு வந்தார். வந்தவர் தனியாக வரவில்லை. இரண்டாவது படம் கொடுத்த பயத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து பாட்டு, ஒரு நகைச்சுவை நடிகர், கடைசியில் ஒரு கல்யாணம். அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா ஏலக்காய்த் தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை கழிக்க ஏறி விழுந்து இறந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அம்மாவோடு விடிகாலை ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது அதிகம். ஏலச்செடிக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டால் பக்கத்து ஆளின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அந்தக் குரலுக்கு அங்கே தேவை இருந்தது. போடியில் பார்த்த படத்தை நான் சொல்வேன், பெண்கள் கேட்டுக்கொண்டே எடுப்பார்கள். நான் எடுக்க வேண்டிய காயை ஆளுக்கு ஒரு கை அம்மாவின் பையில் போட்டுவிடுவார்கள். மேற்பார்வை பார்த்த மலையாளிச் சேட்டன் முதலில் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவரே, "பின்னே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு படத்தைச் சொல்லி முடிக்க எத்தனை செடி ஆகிறது என்பதே எங்கள் அளவு. நல்ல படம் மத்தியானக் கஞ்சிவரை தாங்கும். சுமாரான படம் இருபது செடிக்கு வரும். அதற்குக் கீழே போனால் யாரும் காசைச் செலவழித்துப் பார்க்க வேண்டாம். தோட்டத்து வீடுகளிலேயே தங்கி வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போடிக்கு இறங்குவார்கள். சனிக்கிழமை நான் சொன்னதைப் பொறுத்துத் தியேட்டருக்கு வருவார்கள், அல்லது சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இது தியேட்டர் முதலாளிக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. மாமாவும் வந்தார். மற்ற ஊர்களில் முதல் காட்சிக்கே ஆள் இல்லை என்று செய்தி வந்துவிட்டது. சொந்த ஊரிலாவது ஒரு வாரம் நின்றால் அடுத்த கதையைக் கேட்கிறேன் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அதனால் மாமாவுக்கு அந்த ஒரு வாரம் வேண்டியிருந்தது. நான் படம் பார்த்துவிட்டு வந்ததும் கேட்டார்.

"நாளைக்கு மலையில என்னடா மாப்ளே சொல்லப் போற?"

"நல்லாச் சொல்றேன் மாமா."

"நல்லாவெல்லாம் சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லு. போதும்."

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சொல்ல ஆரம்பித்தபோதுதான் விபரீதம் புரிந்தது. கதாநாயகன் ஜீப்பு ஓட்டுகிறான், கதாநாயகி காய் எடுக்கிறாள், தோட்டத்து முதலாளி கெட்டவன், கல்யாணம். ஆறாவது செடிக்குப் போவதற்குள் படம் முடிந்துவிட்டது. செடிகளுக்குள்ளிருந்து என் அத்தையின் குரல் வந்தது. அப்பாவின் அக்கா அவர். அந்தத் தோட்டத்தில் அவர் கிளம்பினால் எல்லாரும் கிளம்புவார்கள், அவர் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள்.

"அம்புட்டுத்தானா அப்பு? ஒங்க மாமன் இதுக்கா இத்தன நாளு மலையில படுத்துக் கெடந்தாரு?"

"இருங்கத்தே, இன்னும் இருக்கு" என்றேன்.

இல்லாததை அப்போதுதான் உண்டாக்கினேன். கல்யாணத்துக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவில் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் பத்துப் பெண்கள். கதாநாயகன் குதித்தால் அவர்கள் போய்விடுவார்கள். அதனால் கதாநாயகி குதிக்கிறாள். மேலே கட்டியிருந்த ஏலக்காய் மூட்டையை இழுத்துச் சக்கரத்துக்கு அடியில் தள்ளுகிறாள். மூட்டை வெடித்துக் காய் சிதறுகிறது, ஜீப்பு நிற்கவில்லை. இன்னொரு மூட்டை. இன்னொன்று. கடைசி மூட்டையில் ஜீப்பு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. ரோடு முழுக்கப் பச்சைக் காய். மேலிருந்து ஓடிவருகிற முதலாளி வண்டியில் யார் பிழைத்தார்கள் என்று பார்க்கவில்லை. குனிந்து காயைப் பொறுக்குகிறான்.

காய் கிள்ளுகிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு அத்தை மூக்கைச் சிந்தினார். சேட்டன், "பின்னே?" என்றார். நான் அந்த வளைவை வைத்துக்கொண்டே கஞ்சி நேரம்வரை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து வந்த ஜீப்புகளை நிறுத்தத் தியேட்டர் வாசலில் இடம் போதவில்லை. முதலாளி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமாவுக்கு டீ வரவழைத்தார். ஒரு வாரம் என்ன, இரண்டு வாரம் பார்க்கலாம் தம்பி என்றார். மாமா உள்ளே போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

கூட்டம் மூட்டைக்காகக் காத்திருந்தது. பாட்டு வந்தால், போகட்டும், மூட்டை வரும் என்று இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஓர் இடம் உண்டு. கதாநாயகி விடியற்காலையில் ரோட்டில் ஜீப்புக்கு நிற்பாள். ஒன்று வரும், இடம் இருக்காது. இன்னொன்று நிற்காமலே போகும். அவள் தூக்குவாளியைக் கீழே வைப்பாள், தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டுவாள், தூக்குவாளியை எடுப்பாள். பேச்சு இல்லை, இசையும் இல்லை. அதற்கு நான் மலையில் ஒரு சொல்கூடச் செலவழிக்கவில்லை. ஆகவே அது வந்தபோது பாதிப் பேர் முறுக்கு வாங்க எழுந்து போனார்கள். "அந்த ஜீப்பத் தள்ளியாச்சும் விடுங்கப்பா" என்று ஒருவர் கத்த, அரங்கமே சிரித்தது. மாமா திரையைப் பார்க்கவில்லை, முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நடந்து 'வணக்கம்' விழுந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் சந்தேகப்பட்டது படம் ஓட்டுகிற ஆபரேட்டரை. சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக அவர் பாட்டையும் சண்டையையும் வெட்டி எடுத்து வைத்துவிடுவார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அத்தை முன்னால் போக, கூட்டம் ஆபரேட்டர் அறைப் படிக்கட்டுக்குப் போய்விட்டது.

"யோவ், மூட்டை உருட்டுற எடத்த எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க? வெரசா அதக் கொண்டா. பாத்துட்டுத்தேன் மலையேறுவோம்."

"எந்த மூட்டை ஆத்தா? வந்த ரீலு பூராத்தையும் ஓட்டிப்புட்டேன். எம் புள்ள சத்தியமா."

"போன மாசமும் இதே சத்தியந்தேன் பண்ணுன."

யாரோ அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். முதலாளி ஓடிவந்து மாமாவைக் கூப்பிட்டார். கூட்டம் வழி விட்டது. அத்தை மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"கொழுந்தனாரே, நீங்களே சொல்லுங்க. அந்த எடத்த எடுத்தீகளா, இல்லையா?"

மூட்டை என்று ஒன்று இருப்பதே மாமாவுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அவர் ஆபரேட்டரின் கிழிந்த சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"எடுத்தேன் மதினி" என்றார். "படம் நீளமாப் போச்சுன்னு நாந்தேன் வெட்டிட்டேன். அவர விட்டுருங்க."

சட்டையிலிருந்து கை எடுபட்டது. அத்தை விடவில்லை.

"அதயா வெட்டுனீக? அந்தப் புள்ள ஜீப்புக்கு நின்னுக்கிட்டே கெடக்குறாளே, அத வெட்டுறதுக்கென்ன?"

"நல்ல காயப் பூராம் கீழ கொட்டிட்டுச் சொத்தைய மூட்டை கட்டிருக்காரு மாப்ள" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு எழுந்த சிரிப்பு, படத்தின் நகைச்சுவை நடிகருக்குக் கிடைக்காதது. சிரித்தபடியே கலைந்தார்கள். கோபம் தீர்ந்துவிட்டது. வெட்டத் தெரியாத ஆள் என்று மாமாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. முதலாளி டீ கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வேற படம் மாத்திக்கிறேன் தம்பி, மனசுல வச்சுக்காதீக" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் முந்தல் சாலையில் நடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. என்னைப் போலவே மாமாவுக்கும் நன்றாகப் பொய் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமா அந்த மூட்டைக் கதையைச் சொல் என்றார். ரோட்டிலேயே கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"மொதலாளி குனிஞ்சு பொறுக்குறது நல்லா இருக்குடா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஜீப்புக்கு நிக்கிற எடத்தச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"ஏன்?"

"அதுல ஒண்ணும் நடக்கலையே. அம்மா தெனமும் நிக்கிறதுதான."

மாமா நின்றார். ஒரு ஜீப்பு எங்களைத் தாண்டிப் போகும்வரை நின்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

அவள் ஜீப்புக்கு நிற்கிற அந்த இடத்தைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். திருப்பூரில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், பாலக்காட்டில் லோடு இறக்கக் காத்திருந்தபோது, இப்போது போனில். மாமா எடுத்த மூன்று படங்களில் அவருக்குத் தெரிந்ததை யாருக்கும் பயப்படாமல் வைத்த இடம் அது ஒன்றுதான். முதல் படத்தில் பாராட்டு வாங்கிய வெளிச்சம்கூட விளக்குக்குக் காசு இல்லாததால் வந்தது. இதை வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவதை எந்தக் கதையிலும் எழுத முடியாது. அம்மா ஒவ்வொரு ஜீப்பு போன பிறகும் அப்படித்தான் செய்வார். அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டிருக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே அன்று அந்தத் தியேட்டருக்கு வந்தவர்கள்தான். அவர்களை மூட்டையைப் பார்க்கச் சொல்லி அனுப்பியவன் நான். படம் மொத்தத்தில் நல்ல படம் இல்லை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. மாமா அதன் பிறகு படம் எடுக்கவில்லை. யாராரோ எடுத்த தொடர்களில் பெயர் வராமல் வேலை பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை நான் மலைக்குப் போகவில்லை. போனால் மூட்டையைப் பற்றிக் கேட்பார்கள், புதிதாகச் சொல்ல வேறு படமும் இல்லை. தியேட்டர் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். போஸ்டர் ஒட்டுகிற ஆள் வரவில்லை என்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, மைதாப் பசை வாளியையும் புதுப் படத்தின் போஸ்டர் கட்டையும் கையில் கொடுத்தார். பேருந்து நிலையச் சுவரிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். சினிமாவில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்றுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சுவரில் மாமா படத்தின் போஸ்டர் இருந்தது. அதன் மேல் பசையைத் தடவிப் புதுத் தாளை வைத்து, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவினேன். மாமாவின் பெயர் கீழே வலது மூலையில் இருந்தது. அங்கே மட்டும் பசை பிடிக்கவில்லை, தாள் கிளம்பிக் கிளம்பி வந்தது. அப்போது மாமா தோளில் பையோடு மதுரை பஸ்சுக்கு வந்தார். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கிளம்பியிருந்த அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய் பஸ்சில் ஏறினார்.

முதல் நாள் வேலைக்கு மாமா கை கொடுத்தார் என்று சந்தோஷப்பட்டேன்.