ஒன்பது சாக்கு உடுப்பு

அன்று அறையில் இருந்தவர்கள்: நான். மன்னார் வெல்டர். லீவில் ஊருக்குப் போகவிருந்த ராமநாதபுரத்து டிரைவர். எங்கள் சங்கச் செயலாளர், யாழ்ப்பாணத்துக்காரர், துபாயில் ஆபீஸ் வேலை. அவருடைய மனைவியும் வந்திருந்தார், இறங்கவில்லை. ஏசி போட்ட காரிலேயே இருந்தார். பிறகு ஒன்பது சாக்கு.

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் லேபர் கேம்ப். வெள்ளிக்கிழமை மத்தியானம்.

இலங்கையில் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. இங்கே இருந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்தோம். படகேறி ராமேஸ்வரம் போன சனத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று. முதல் வேலை, துபாயில் குடும்பத்தோடு இருக்கிற நம் ஆட்களின் வீடுகளில் உடுப்புச் சேர்ப்பது. டிரைவர் தன் பெட்டியில் இருபது கிலோ இடம் தந்தான். அவன் ஊரிலிருந்து மண்டபம் அகதி முகாம் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

வெல்டரின் மனைவியும் மகளும் அந்த முகாமில். மனைவி கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள். டேப் என்னுடையது. அதனால் நானும் கேட்டேன்.

"பிள்ளை பெரிசாயிட்டாள். மாத்திக் கட்ட ஒண்டுமில்லை. கொட்டிலை விட்டு வெளியிலை வாறாளில்லை."

கம்பெனி மூன்று மாதமாகச் சம்பளம் போடவில்லை. வெல்டர் இந்தச் சாக்குகளைத்தான் நம்பியிருந்தான்.

முதல் சாக்கை அவிழ்த்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. துவைக்காமல் போட்டிருந்தார்கள். அக்குள் மஞ்சளான பிளவுஸ்கள். ரத்தக் கறை படிந்த படுக்கை விரிப்பு. குழந்தையின் பீ காய்ந்து ஒட்டிய துணி. ஆண்களின் ஜட்டி, ரப்பர் போனது. ஒற்றைக் கால் சப்பாத்து. உதறினால் கரப்பான் விழுந்தது.

அடுத்ததும் அப்படித்தான். நான்காவது சாக்கில் பாதிக்கு மேல் டை. கோடு போட்டது, புள்ளி போட்டது.

"முகாம்ல டை கட்டிட்டுப் போனாத்தான் ரேஷன் அரிசி குடுக்குறாங்க போல," என்றான் டிரைவர்.

செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றார்.

"பகிடி விடாதேங்கோ, தம்பி. இல்லாத சனத்துக்கு எல்லாம் உதவும்."

"அப்ப அந்தக் கைக்குட்டையவும் போடுங்க சார். உதவட்டும்."

வெல்டர் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. பெண்பிள்ளை உடுப்பாகத் தேடினான். ஒரு பூப்போட்ட சட்டையை எடுத்துத் தன் நெஞ்சோடு பிடித்தான். பிறகு வயிற்றுக்கு இறக்கினான்.

"அண்ணை, இவ்வளவு உயரம் இருப்பாளோ?"

அவன் இங்கே வரும்போது அவளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"பெரிசா எடு," என்றேன். "பெரிசெண்டால் பிடிச்சுத் தைக்கலாம்."

சட்டையைக் கீழே வைத்தான். ஒரு பாவாடை எடுத்தான், நல்லது. இரண்டு தாவணி. ஓரம் கிழியாத சேலை ஒன்று. ஒன்பது சாக்கையும் கொட்டிப் பார்த்துவிட்டோம். எடுத்து வைத்தது ஒரு சின்னக் குவியல்.

செயலாளர் மணி பார்த்தார். "மிச்சத்தைத் திரும்பச் சாக்கில போட்டுக் கட்டுங்கோ. ஒரு படம் எடுக்க வேணும். சங்கத்தின்ர ஆண்டு மலருக்கு."

கட்டினோம். நானும்தான் கட்டினேன். கையெல்லாம் பிசுபிசுத்தது. அவர் சாக்குகளுக்கு நடுவில் போய் நின்றார். கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். டிரைவர் கேமராவை அமுக்கினான்.

பிறகு சொன்னார்: "இருபது கிலோவுக்கு இதுகளையும் அடைஞ்சு விடுங்கோ. தந்த ஆக்கள் கேப்பினம், போய்ச் சேந்ததோ எண்டு."

வெல்டர் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தான்.

"ஐயா, உங்கட வீட்டுச் சாக்கு எது?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே கார் ஹாரன் அடித்தது. "வாறன், வாறன்," என்று கிளம்பிப் போய்விட்டார்.

நான் வாசலில் போய்த் துப்பினேன். வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துப்பினேன்.

சாக்குகளைக் குப்பை டிரம்முக்கு இழுத்துப் போனோம். எடுத்து வைத்ததை வெல்டர் சோப்புப் போட்டு இரண்டு தரம் அலசி, கம்பிவேலியில் காயப்போட்டான். மணல் ஒட்டாமல் பக்கத்திலேயே நின்றான். காய்ந்ததும் மடித்துக் கொண்டுவந்தான்.

"காலி இடத்துல வேற என்னண்ணே வைக்கணும்?" என்று டிரைவர் கேட்டான்.

"ஒண்டும் வேண்டாம். காலியாப் போகட்டும்," என்றான் வெல்டர்.

மெஸ்ஸில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தது. மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தூக்கினோம்.

ஒன்றே கால் கிலோ.