செலினின் தலைமாட்டில் ஒரு சைப்பரஸ்

சைப்பரஸ் இலையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக் கசக்கினால் எலுமிச்சைத் தோலும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு வாசம் வரும். எங்கள் அப்பாவின் காக்கிச் சட்டையை எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் அந்த வாசம் போகாது. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் துரை பங்களாவின் தோட்டக்காரர் அவர். பங்களாவுக்கு வேலியாக நின்ற சைப்பரஸ்களைக் கத்தரித்துச் சுவர்போல நேராக வைத்திருப்பதுதான் அவருக்கு முக்கியமான வேலை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் அதைக் "கிறிஸ்மஸ் மரம்" என்பார்கள். அப்பா மட்டும் பங்களாவில் கற்றுக்கொண்ட பெயரை விடமாட்டார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த வேலியிலிருந்துதான் என் தங்கை செலினின் கல்லறைக்கு மரம் வந்தது. செலின் பத்து மாதத்தில் இறந்துபோனாள். எனக்கு அப்போது ஆறு வயது. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார்கள் எல்லாரும் கைப்பிள்ளைகளை எஸ்டேட் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள், அம்மாவும் அப்படித்தான் விட்டுப் போனாள். அன்றைக்குப் பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஆயா செபஸ்தியம்மா கம்பளியில் சுற்றித் தொட்டிலில் போட்டவள், பிள்ளை அசையாமல் கிடந்ததை நல்ல தூக்கம் என்று நினைத்து எழுப்பாமல் விட்டுவிட்டாள். மத்தியானம் பால் கொடுக்க வந்த அம்மாதான் தூக்கிப் பார்த்தாள். கொழுந்துக் காட்டுக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமே என்று அன்றைக்குக் கேட்டதோடு சரி, அப்புறம் அம்மா ஆயாவோடு பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே லயம், நடுவில் மூன்று வீடுதான், தண்ணீர் பிடிப்பதும் ஒரே குழாயில். இருந்தும் ஏழு வருஷம் முகம் பார்க்கவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால் சரிவில் கிடந்த ஒரு துண்டு நிலம். தொழிலாளிகளுக்குச் சிமெண்டுக் கல்லறையெல்லாம் கிடையாது, ஒரு மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான். வைகாசிப் பாதியில் தொடங்கும் "இடவப்பாதி" மழை இரண்டு பெய்வதற்குள் சிலுவை உளுத்து விழும், மேடு கரைந்து தரையோடு தரையாகும், ஏழெட்டு வருஷம் போனால் அதே குழியை இன்னொருவருக்காகத் தோண்டுவார்கள். இடமே இல்லாதபோது யாரைக் குற்றம் சொல்வது? செலினின் குழியை மட்டும் ஒருவரும் தொடக் கூடாது என்று அப்பாவுக்கு இருந்தது. மரம் நின்றால் அந்த இடத்தில் மண்வெட்டி வைக்கமாட்டார்கள் என்று நினைத்தார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் கோயிலையும் கல்லறையையும் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். மரம் ஆள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி அவர் சம்மதித்தார்.

சைப்பரஸ் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. தாய்க்கிளையின் பட்டை கொஞ்சம் ஒட்டிவரும்படி ஒரு இளங்கிளையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து, ஓட்டை போட்ட பழைய டின்னில் மணலும் செம்மண்ணும் நிரப்பி நட்டு, பங்களாக் கொட்டகையின் நிழலில் மாதக்கணக்கில் வைத்திருந்துதான் அப்பா அதைக் கல்லறைக்குக் கொண்டுவந்தார். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிப்போகும் என்று மழைக்கு முன்னால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிடுவார். மாசி பங்குனியில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவது என் வேலை. வருஷாவருஷம் நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் நுனியை மட்டும் கத்தரிப்பார். "பச்சையில வெட்டணும், காஞ்ச கட்டையில கத்தி படக் கூடாது" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு செய்வார். அம்மா அந்த நேரத்தில் அந்தப் பக்கமே வரமாட்டாள். அந்த மரத்தில் கத்தி விழுவதை அவளால் பார்க்க முடியாது.

ஏழாவது வருஷம் அப்பா பங்களாவில் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மரமோ தலைக்கு மேல் போய்விட்டது. கல்லறைத் திருநாளுக்குள் குறைக்காவிட்டால் ஆள் வைத்து எடுத்துவிடுவதாக உபதேசியார் சொல்லி அனுப்பினார். அம்மா பக்கத்து வீட்டில் "கவ்வாத்துக் கத்தி"யை வாங்கிக்கொண்டு கிளம்பினாள், கூடையோடு நான் பின்னால் போனேன். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது தேயிலையைத்தான். இலை ஒன்றில்லாமல் கட்டை மட்டும் நிற்கும்படி கவ்வாத்து வெட்டினாலும் மூன்று மாதத்தில் தளிர் கொப்பளித்துக்கொண்டு வருகிற செடி அது. ஆழமாக வெட்டினால்தான் செடிக்கு நல்லது என்பது எஸ்டேட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அம்மாவின் கை அத்தனை உறுதியாகப் போனது, நான் வாயைத் திறக்கவில்லை. கீழே சரிவுப் பக்கம் ஒரு கை அளவு பச்சையை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கட்டையாக நிற்க, அம்மா தள்ளி நின்று பார்த்து, கிறிஸ்மஸுக்குள் எப்படித் தளிர்க்கிறது பார் என்றாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெளிச்சியைக் கண்டேன்.

கையில் கட்டோடு வந்த அப்பா மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இது தேயிலை இல்ல" என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை அம்மாவைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிறிஸ்மஸும் போனது, தவக்காலமும் வந்தது, கட்டையில் ஒரு பொட்டுப் பச்சை வரவில்லை. அம்மா கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு தினமும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவாள். நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பாள். மிச்சமிருந்த கை அளவு பச்சையும் கோடையில் பழுக்க ஆரம்பித்தது.

அந்த வருஷ மழையில் ஆயா செபஸ்தியம்மா இறந்துபோனாள். அவளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. புருஷனைப் புதைத்திருந்த கீழ்ப்பக்கம் போன வாரம்தான் மண்சரிந்து ஓடையோடு போயிருந்தது. மேலே இருந்தவையெல்லாம் புதுக் குழிகள். உபதேசியார் குடையை மடக்கி வாசலில் நின்றுகொண்டு, மரம் எப்படியும் பட்டுப்போகிறது, அந்த இடத்தைக் கொடுப்பீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு யாருக்கென்றாலும் யோசிக்கலாம், இவளுக்கு முடியாது என்று எழுந்தேவிட்டார். அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்தாள்.

"அந்த எடத்தையே தோண்டச் சொல்லுங்க உபதேசியாரே. மரம் நல்லா வரட்டும்னுதான் நானும் வெட்டுனேன். பிள்ளை நல்லாத் தூங்கட்டும்னுதான் அவளும் விட்டா. தினமும் அவகிட்டத்தானே விட்டுட்டுப் போனேன்."

அப்பா உள்ளே போய் ரம்பத்தை எடுத்தார். எலும்பு சரியாகக் கூடாத கையோடு மரத்தை அவரே அறுத்தார், வேரையும் அவரே தோண்டினார். மண்ணுக்குள் கிடைத்ததை ஒரு வெள்ளைத் துணியில் பொதிந்து, பெட்டியை இறக்கிய பிறகு ஆயாவின் பக்கத்தில் வைத்தார்களாம். என்னைக் கிட்டே விடவில்லை. அம்மா முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு ஏழு வருஷத்து அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தாள்.

இப்போது அந்த எஸ்டேட் பூட்டிக் கிடக்கிறது. கவ்வாத்துப் பார்க்க ஆளில்லாத தேயிலை இரண்டாள் உயரத்துக்கு மரமாகி நிற்கிறது, லயத்தில் கூரை இல்லை, பங்களா வேலி ஒழுங்கு கெட்டு வானத்துக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு கம்பத்தில் இருக்கிறாள், மலை ஏற முட்டி ஒத்துழைக்காது. கல்லறைத் திருநாளன்று மலைக்கு பஸ் பிடித்து நான் மட்டும் போய் வருவேன். போன வருஷம் கல்லறைத் தோட்டம் முழுக்க இடுப்பளவுக்குப் புல்லும் கொங்கிணி முட்புதரும் மூடிக் கிடந்தன. கையைக் கிழித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினேன், இடம் பிடிபடவில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு வந்தேன். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன பொய் சொல்வது என்று யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்து அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. இடம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அம்மா என் கையில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியாட்டிப் போகுது, விடு. பிள்ளைக்குக் கூட ஆள் இருக்கு."