இதற்கு முன் என்ன பெயர்

"இதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன பேருங்க, டாக்டர்?"

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தாருணி கேட்கிறாள். மேசை இழுப்பறையின் கைப்பிடியில் ஐஸ் தேநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பை ரப்பர் வளையத்தில் தொங்குகிறது. பதில் உடனே வராது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடைவெளிக்காகவே பையைத் தூக்கி உறிஞ்சுகுழாயைப் பல்லில் கடித்து ஒரு மிடறு உறிஞ்சுவாள்.

பாங்காக்கில், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடி. நாட்டின் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்களை வரிசைப்படுத்துவது தாருணியின் வேலை. ஒருவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. எண்ணுவதைக் கணினி செய்துவிடும். ஆனால் கணினிக்கு இந்த ஊர் தெரியாது. இங்கே வியாபாரம் நொடித்தால் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாணம் முறிந்தால், பிள்ளை தங்காவிட்டால், பைக்கிலிருந்து இரண்டு தடவை விழுந்தால் மாற்றிக்கொள்கிறார்கள். புத்த பிக்கு பிறந்த கிழமையைக் கேட்டுவிட்டுப் புதுப் பெயர் எழுதித் தருகிறார். மாவட்ட அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது வேலை. அடுத்த கட்டுரை புதுப் பெயரில் வருகிறது. கணினி ஒரு நல்ல ஆய்வாளரை இரண்டு சுமாரான ஆட்களாக ஆக்கிவிடுகிறது.

அந்த இரண்டு பேரையும் ஒட்டவைப்பவள் தாருணி. "பேரு மட்டும் சொல்லுங்க, காரணம் வேணாம்" என்றுதான் கேட்பாள். பெயரைச் சொன்னவர்கள் காரணத்தையும் சொல்லாமல் போனை வைப்பதில்லை. எந்த விஞ்ஞானிக்கு எந்த மழைக்காலத்தில் என்ன இடி விழுந்தது என்பதெல்லாம் அவளிடம் இருக்கிறது. ஒன்றும் வெளியே வராது.

மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே வேலை செய்வாள். எண்களைத் தோராயமாகச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. கொரியாவுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டபோது, அவளையும் பெயர் மாற்றச் சொன்னார்கள். "நான் மாத்திக்கிட்டா என்னை எவ வந்து ஒட்டவைப்பா?" என்று சிரித்துவிட்டாள்.

எதிர் மேசைக்காரன் கசேமுக்கு அவளைச் சீண்டாவிட்டால் மதியச் சாப்பாடு இறங்காது.

"கிருமியையே பிரிச்சு மேயுற ஆளுங்க. பிக்கு சொன்னாருன்னு பேரை மாத்துறாங்களே அக்கா, அசிங்கமா இல்ல?"

"உன் கழுத்துல தொங்குதே தாயத்து, அது என்ன தடுப்பூசியா?"

கசேம் தாயத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

இந்த வருஷம் வடகிழக்கே கோன்கேன் நகரிலிருந்து ஒரு சிக்கல் வந்தது. டாக்டர் பிம்சனோக். டெங்கு இரண்டாவது முறை வரும்போது ஏன் ஆளைக் கொல்கிறது என்பதை ஆராய்கிறவர். வரிசையில் முதல் பதினைந்து பேருக்குத்தான் அடுத்த நான்கு ஆண்டுக்கான பணம். இரண்டு பெயராகக் கிடந்தால் பிம்சனோக் முப்பதுக்கும் கீழே. ஒட்டினால் ஏழாவது இடம். பணம் வராவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடவேண்டும். அங்கே உறைபெட்டிகளில், காய்ச்சலில் கிடந்த குழந்தைகளிடம் பல வருஷங்களாக எடுத்துச் சேர்த்த ரத்தம் இருந்தது. மின்சாரம் போனால் அதுவும் போகும்.

தாருணி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். தேநீர் பாதியாகியும் பதில் வரவில்லை.

"சொல்ல மாட்டேன்மா. எழுதவும் மாட்டேன். அந்தப் பேரு என் புருஷனைக் கொண்டுபோச்சு. அப்புறம் என் மார்ல கட்டியா வந்துச்சு. மாத்தினேன், பொழச்சேன். நான் படிச்சவதான். ஆனா திரும்ப அதை வாயில வைக்க மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

"நீயே ஒட்டிவிட்டுடு அக்கா. ஒரே ஆய்வுக்கூடம், ஒரே டெங்கு. பழைய பேரு எதுன்னு உனக்குத்தான் தெரியுமே" என்றான் கசேம்.

"அவங்க கைப்பட எழுதித் தராம ஒட்டினா, நாளைக்குப் பதினாறாவது ஆளு வந்து என் மேசைமேல ஏறி நிப்பான். அதோட படிவத்துல முன்னாள் பெயர்னு ஒரு கட்டம் வேற இருக்கு. அதைப் பட்டியல்ல அப்படியே அச்சடிப்பாங்க."

"அந்தக் கட்டத்தை யாரு போட்டது?"

தாருணி கால் தேய்ப்பதை நிறுத்தினாள். போட்டவள் அவள்தான். விதியில் இருந்தது ஒரே வரி: எந்தெந்தக் கட்டுரை தம்முடையது என்று ஆய்வாளர் கைப்பட உறுதி செய்யவேண்டும். கட்டுரை கட்டுரையாகக் கேட்டால் நாள்கணக்கில் இழுக்கும், பெயரைக் கேட்டால் ஒரு போனில் முடியும் என்று சுருக்குவழி கண்டுபிடித்தவள் அவள்.

"நாந்தான்டா" என்றாள்.

அன்று மாலை முழுக்க அச்சுப்பொறி ஓடியது. பிம்சனோக்கின் பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஓரமாக ஒரு சிறு கட்டம் வரைந்து, ஆசிரியர்கள் வரிசையில் ஒரு பெயரின் மேல் மட்டும் வெள்ளை ஒட்டுநாடாவை வெட்டி ஒட்டினாள். கசேம் நாடாவைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தான். எந்தக் கிண்டலும் செய்யவில்லை.

கோன்கேன் ஆய்வுக்கூடத்தில் உறைபெட்டிகளின் முனகல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தாருணி வருகிறாள் என்று பிம்சனோக் பசையரிசிச் சோறும் சுட்ட கோழியும் வாங்கி வைத்திருந்தார். தாருணியின் பையைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு தாருணி. கையெழுத்து வாங்க வந்திருந்தா வீண் அலைச்சல்."

"உங்க பேரு எனக்கு வேணாம் அக்கா. இதெல்லாம் உங்க வேலையான்னு மட்டும் பாருங்க. ஆமான்னா ஒரு டிக். கடைசியில இப்ப இருக்கிற பேருல ஒரு கையெழுத்து."

பிம்சனோக் முதல் தாளைத் தொடவில்லை. தள்ளி நின்றே தலைப்பைப் படித்தார். வெள்ளை நாடாவைப் பார்த்தார்.

"முதல் தடவை வந்த டெங்குவை உடம்பு ஞாபகம் வச்சிருக்கும். ரெண்டாவது தடவை அந்த ஞாபகமே கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். நான் எழுதினதுதான் இது" என்றார். "ஞாபகம் எல்லாமே நல்லதுன்னு நினைக்காதே."

"நான் எதையும் நினைக்கல அக்கா. உக்காருங்க. கோழி ஆறுது."

பிம்சனோக் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். ஒரு டிக். இன்னொன்று. சில தாள்களில் நின்று ஒரு வரைபடத்தை விரலால் தடவிவிட்டு டிக் போட்டார். ஒன்றை விலக்கி வைத்தார்: "இது என்னுது இல்ல. என் மாணவன் செஞ்சது. சும்மா என் பேரைப் போட்டான்." தாருணி அதைத் தனியாக வைத்தாள்.

கட்டின் நடுவே ஒரு தாள். வழியில் பட்ட ஈரத்தில் நாடாவின் ஓரம் கழன்று சுருண்டிருந்தது. அதற்கு அடியில் கறுப்பாக ஓர் எழுத்து தெரிந்தது. பிம்சனோக்கின் பேனா அந்தரத்தில் நின்றது.

தாருணி கையில் இருந்த கோழி எண்ணெயைப் பாவாடையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேனா மெதுவாக இறங்கி, அவள் சுண்டுவிரலை உரசிக்கொண்டு போய்க் கட்டத்தில் டிக் போட்டது. அடுத்த தாளை மற்ற கையால் தள்ளிக் கொடுத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.