ரயில் இல்லாத ஊரில் ரயில் கேள்வி

சிறப்புக் கல்வி ஆசிரியர் வேலை என்றால் பாதி நேரம் பாடம், பாதி நேரம் மல்லுக்கட்டு. போர்ட் பிளேரில் இதே வேலை பார்க்கும் என் சக பாவிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் செல்வியின் கதையைச் சொல்கிறேன்.

கை கால் நன்றாக இருந்தால்

செல்வி அப்போது ஒன்பதாம் வகுப்பு. வாயால் கேட்டால் வரலாறு, அறிவியல் எல்லாம் மளமளவென்று சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்காது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைத்தால், பத்தாம் வகுப்புத் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வருவார். கூடுதல் நேரம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடை வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவு.

அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை கால் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அவரோ பாதி இந்தியில் சாவகாசமாகக் கேட்டார்: "ஹாத் பைர் சப் டீக் ஹை மேடம், அப்புறம் எதுக்கு சர்டிபிகேட்?"

வண்டி போய்விட்டால்

நான் போட்ட சத்தத்தில், சான்றிதழுக்காகப் பிள்ளைகளைச் சோதிக்கும் முகாமுக்கு அவள் பெயரைச் சேர்த்தார்கள். மெயின்லேண்டிலிருந்து நிபுணர் ஒருவர் வந்திருந்தார். அறிவில் குறையில்லை, வாசிப்பில்தான் சிக்கல் என்று அவர் எழுதினால்தான் எங்களுக்கு வேண்டிய சான்றிதழ்.

"ஊருக்குப் போக ஸ்டேஷனுக்கு வர்றே. ரயில் போயிடுச்சு. என்ன செய்வே?" என்று கேட்டார். அடுத்த ரயிலில் போவேன் என்று சொன்னால் மதிப்பெண். எங்கள் தீவுகளில் ரயில் ஏது? செல்விக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல். யோசித்துத் தீர்மானமாகச் சொன்னாள்: "வீட்டுக்குத் திரும்பிடுவேன் சார். அடுத்தது என்னிக்குன்னு அறிவிப்பு வரணும், அப்புறம் டிக்கெட்டுக்கு லைன்ல நிக்கணும்."

பரமேஸ்வரி அக்கா பேசினார்

நிபுணர் அதற்குச் சுழி போட்டார். அதேபோல இன்னும் சில சுழிகள். அறிவு வளர்ச்சி குறைவு என்று எழுதப் போனவரை மேசையில் கையை வைத்து மறித்தேன். "கப்பலைப் பத்திக் கேளுங்க சார், அதுக்கப்புறம் எழுதுங்க" என்றேன். "கேள்வியை மாத்த முடியாது" என்றார். என் குரல் உயர்ந்தது. வராந்தாவில் இருந்த செல்வியின் அம்மா பரமேஸ்வரி அக்கா உள்ளே வந்துவிட்டார்.

இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து, இப்போது போர்ட் பிளேர் டாலிகஞ்சில் இருக்கும் குடும்பம். அதிர்ந்து பேசாத மனுஷி. அன்று பேசினார்: "நீங்க கேக்குற ரயில இங்க கொண்டாந்து நிறுத்துங்க சார். எம்புள்ள ஏறுதா இல்லியான்னு அப்புறம் பாப்போம்."

எழுத வந்தவள்

நிபுணர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான். தீவுப் பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்து மறுபடி எல்லாம் கேட்டார். கற்றல் குறைபாடு என்றே சான்றிதழ் வந்தது, உதவித்தொகையும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

'பொம்பளப் பிள்ளைக்கு இப்படி ஒரு சர்டிபிகேட்டா, நாளைக்கு யார் கட்டுவான்?' என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். செல்வி காதில் போட்டுக்கொள்ளவில்லை, மறுவருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போனாள். அவளுக்காக எழுத ஒரு வகுப்பு கீழே படிக்கும் பெங்காலிப் பெண் உட்கார்ந்தாள். முதல் நாள் தேர்வு முடிந்ததும் அந்தப் பெண் விரல்களை உதறிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்: "டீச்சர், நாளைக்கு வேற யாரையாவது அனுப்புங்க. இந்த செல்வி தீதி மூச்சே விடாம சொல்றாங்க, எக்ஸ்ட்ரா டைம் எனக்குத்தான் வேணும்!"

பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிக்க வருஷா வருஷம் முகாம் போடுகிறார்கள்; கேள்விகளுக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிக்கத்தான் இன்னும் ஒரு முகாமும் போடக் காணோம்.